மாட்டுக்குக் காணாக்கடியா? மூச்சைக் கவனியுங்கள்

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் முந்திரித் தோப்புகளில் மேயும் மாடுகளைக் கதண்டும் தேனீயும் கொட்டிவிடுவது உண்டு. சிறிது நேரத்தில் இமையும் உதடும் வீங்கும். உடலில் தடிப்புகள் எழும்பும். மாடு மரத்தில் உராயும். காணாக்கடி எனப்படும் இந்த ஒவ்வாமை, கம்பளிப்பூச்சி, புதிய தீவனம், தடுப்பூசி, பெனிசிலின் ஊசி ஆகியவற்றாலும் வரலாம்.

வீக்கம் ஏன்?

ஒவ்வாத பொருள் உடலில் புகுந்ததும் ஹிஸ்டமின் என்ற பொருள் வெளிப்பட்டு, நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கசியச் செய்கிறது. கசிந்த நீரே வீக்கமாகிறது. பெனிரமின், குளோர்பெனிரமின் போன்ற மருந்துகள் ஹிஸ்டமின் சென்று பொருந்தும் இடங்களை அடைத்துக்கொள்கின்றன. எனவே தொடக்கத்திலேயே ஊசி போட்டால் அரிப்பும் வீக்கமும் பரவாமல் தடுக்கலாம்.

மருந்து போதாத நிலை

கடும் ஒவ்வாமை மாட்டின் நுரையீரலையே அதிகம் தாக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், நுரை தள்ளுதல், தள்ளாடி விழுதல் இதன் அறிகுறிகள். ஹிஸ்டமினுடன் வேறு பொருள்களும் சேர்ந்து மூச்சுக் குழாயைச் சுருக்குவதால், மேற்கண்ட மருந்துகள் மட்டும் உயிரைக் காக்கா. மருத்துவர் உடனே அட்ரினலின் ஊசி போடவேண்டும். ஆகவே, தடுப்பூசி போட்டபின் அரை மணி நேரமாவது மாட்டைக் கண்காணிப்பது நல்லது.

எல்லா வீக்கமும் ஒவ்வாமையல்ல

தொண்டை வீக்கத்துடன் கடுங்காய்ச்சல் இருந்தால் தொண்டை அடைப்பானாக இருக்கலாம். ஒரு நாள் தாமதமும் உயிரைப் பறிக்கும். தாடைக்கடியில் வலியின்றித் தொங்கும் வீக்கம், ஏரிக்கரையிலும் பள்ளங்களிலும் மேயும் மாடுகளைப் பற்றும் தட்டைப்புழுவால் வரலாம். பாம்பு கடித்தாலும் முகம் வீங்கும். இவற்றுக்குக் காணாக்கடி ஊசி போட்டால் காலந்தான் வீணாகும்.

கறவை நேரம் தவறி மடியில் பால் தேங்கினால், சில ஜெர்சி மாடுகளுக்குத் தம் பாலே ஒவ்வாமல் தடிப்பு உண்டாகும். பாலை முழுவதும் கறந்துவிடுவதே இதற்கு முதல் சிகிச்சை.

செய்ய வேண்டியவை

1. மாட்டை நிழலுக்குக் கொண்டுவந்து, தோலில் தைத்துள்ள தேனீக் கொடுக்குகளை நீக்கவும்.

2. மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ புகட்டக்கூடாது. தொண்டை வீங்கியிருந்தால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும்.

3. கடையில் மருந்து வாங்கித் தாமே ஊசி போடக்கூடாது. கால்நடை மருந்தகத்தை நாடவும்; 1962 என்ற எண்ணில் நடமாடும் ஊர்தியையும் அழைக்கலாம்.

4. சினை, கறவை விவரத்தை மருத்துவரிடம் கூறி, எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது எனக் கேட்டறியவும்.

5. ஒவ்வாத மருந்தின் பெயரை எழுதி வைத்து, அடுத்தமுறை ஊசி போடுமுன் தவறாமல் தெரிவிக்கவும். ஒரே கறவை மாட்டை நம்பியுள்ள குடும்பத்துக்கு அந்தச் சீட்டு மிகவும் உதவும்.