எஞ்சின் ஏன் சோம்பிச் சுழல்கிறது?

காலை வேளை. வாசலில் ஒரு பழைய அம்பாசடர் கார். ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். விரைந்து சுழல வேண்டிய எஞ்சின், "ர்ரூ... ர்ரூ..." என்று முனகி நின்றுவிடுகிறது. ஹாரனை அழுத்துகிறார், அலறுகிறது. முகப்பு விளக்கைப் போடுகிறார்; பளிச்சென்று எரிகிறது. "பாட்டரி போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்" என்கிறார் பக்கத்தில் நிற்பவர். "இல்லை, செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டும்" என்கிறார் இன்னொருவர். எதைச் செய்தாலும் சில ஆயிரம் ரூபாய் செலவு. ஆனால் உண்மைக் குற்றவாளி, ஐந்து நிமிடம் தேய்த்தால் நீங்கிவிடும் ஒரு வெண்பொடிப் படலமாகவும் இருக்கலாம்! அதைக் கண்டுபிடிக்க, மாணவ நண்பர்களே, நீங்கள் வகுப்பில் படித்த ஓம் விதியே போதும்.

மோட்டாரின் பெரும்பசி

ஒரு காலத்தில் கார் எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்பினார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய மின்மோட்டார் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. மனிதனின் கை செய்த வேலையை மோட்டார் செய்ய வேண்டுமானால் அதற்கு நிறைய மின்னோட்டம் தேவை. 48 வாட் முகப்பு விளக்கு ஒன்று, 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் மட்டுமே எடுத்துக்கொள்ளும். செல்ஃப் மோட்டாரோ ஏறத்தாழ 150 ஆம்பியர் கேட்கும்! அதற்குச் செல்லும் கம்பி விரல் பருமன் இருப்பது இதனால்தான்.

நூறில் ஒரு பங்கு ஓம்

பாட்டரியின் ஈய முனைக்கும் அதைக் கவ்வியிருக்கும் கிளாம்புக்கும் இடையே வெண்மையும் பசுமையும் கலந்த பொடி படிவதைப் பார்த்திருப்பீர்கள். இது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. இதனால் அந்த இணைப்பில் 0.01 ஓம் தடை ஏற்பட்டுவிட்டதாகக் கொள்வோம். நூறில் ஒரு பங்கு ஓம்தானே என்று தோன்றும். கணக்குப் போடுவோம்.

விளக்கு எரியும்போது: 4 × 0.01 = 0.04 வோல்ட் இழப்பு. கண்ணுக்கே தெரியாது.

மோட்டார் சுழலும்போது: 150 × 0.01 = 1.5 வோல்ட் இழப்பு! அந்த ஓர் இணைப்பில் மட்டும் 1.5 × 150 = 225 வாட் வெப்பமாக வீணாகிறது.

ஆகவே விளக்கு நன்றாக எரிவதால் மின்பாதை முழுவதும் நலம் என்று சொல்ல முடியாது. ஒற்றையடிப் பாதையில் ஓர் ஆள் நடந்துவிடுவான். திருவிழாக் கூட்டம் போக முடியுமா? சுமை உள்ளபோதுதான் குறை வெளிப்படும். ஆகவே மோட்டார் சுழலும்போதே அளக்க வேண்டும்.

மூன்று அளவீடுகள்

இதற்கு ஒரு வோல்ட்மீட்டர் போதும். கார் கியரில் இல்லாமலும், கைப்பிரேக் போட்டும் இருக்கட்டும். எஞ்சின் கிளம்பிவிடாதிருக்க இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய கம்பியைக் கழற்றிவிட வேண்டும். பெரியவர் ஒருவர் சில விநாடிகள் மட்டும் சாவியைத் திருப்பட்டும்.

முதலாவது, பாட்டரியின் இரு ஈய முனைகளுக்கும் இடையே அளவுங்கள். ஓய்வில் இருக்கும் முழு மின்னேற்றமுள்ள பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். மோட்டார் சுழலும்போது இது 9.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், பாட்டரி வலுவிழந்திருக்கலாம்; அல்லது மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் குடிக்கலாம். 11 வோல்ட் அளவில் நின்றும் எஞ்சின் சோம்பிச் சுழன்றால் பாட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

இரண்டாவது, மோட்டாருக்குச் செல்லும் கம்பி தொடங்கும் ஈய முனையில் மீட்டரின் ஒரு கம்பியையும், மோட்டாரின் டெர்மினலில் மற்றொன்றையும் வையுங்கள். மோட்டார் சுழலும்போது மட்டும் படியுங்கள். வழியில் தொலையும் வோல்ட்டையே மீட்டர் காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு இந்தப் பாதையில்தான். கிளாம்பு, சொலினாய்டு என்று ஒவ்வொரு பகுதியாக அளந்துகொண்டே போனால் திருடன் அகப்படுவான்.

மூன்றாவது, எர்த்து முனைக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே அளவுங்கள். பலரும் மறந்துவிடும் பாதை இது! எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதையும் காரின் உடலையும் ஒரு பட்டை இணைக்கிறது. அது துருப்பிடித்தாலோ அறுந்தாலோ மின்சாரம் திரும்பி வர வழியின்றித் தவிக்கும்.

மூன்றும் சரி என்றால்?

அப்போதுதான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். புஷ் தேய்ந்து, சுழலும் பகுதி உரசலாம். எஞ்சின் சூடானபின் மட்டும் தொல்லை என்றால், தாமிரத்தின் தடை வெப்பத்தால் கூடுவதையும் நினைவிற் கொள்ளுங்கள். 50 டிகிரி செல்சியஸ் கூடினால் தடை ஏறக்குறைய 20 சதவீதம் உயரும். மலைப்பிரதேசக் குளிரில் எண்ணெய் கெட்டிப்படுவதும் ஒரு காரணம்.

எச்சரிக்கை: பாட்டரியில் கந்தக அமிலம் உண்டு, அதிலிருந்து ஹைட்ரஜன் வாயுவும் வெளிப்படும். அருகில் தீப்பொறி கூடாது. சுத்தம் செய்யும்போது எர்த்துக் கம்பியை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்ட வேண்டும். சமையல் சோடா கலந்த நீர் அமிலத்தை முறிக்கும். அது பாட்டரிக்குள் போய்விடக் கூடாது. பிறகு உப்புத்தாளால் தேய்த்து, இறுக மாட்டுங்கள்.

இறுதியாக ஒன்று. புதிய பாட்டரி மாட்டியதும் கார் உடனே கிளம்புவதுண்டு. ஆனால் மாட்டும்போது மெக்கானிக் கிளாம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்திருப்பார்! நோயைத் தீர்த்தது சுரண்டல். புகழும் பணமும் பாட்டரிக்கு. இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தால் எது பலன் தந்தது என்று சொல்ல முடியாது. சோதனைச்சாலையில் மட்டுமன்று, பட்டறையிலும் இதுவே விதி. முதலில் அளவுங்கள்; பிறகு மாற்றுங்கள்.