பூஜ்யத்தை நம்பாத வேலை

அணு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை என்றால் நம் பிள்ளைகள் விஞ்ஞானிகளை மட்டுமே நினைக்கிறார்கள். அந்த விஞ்ஞானிகளுக்குக் கண்ணாக இருப்பவர் கருவி நிபுணர். கதிர்வீச்சைப் பார்க்கவோ முகரவோ எவராலும் முடியாதே!

சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1971-ல் தொடங்கிய ஆய்வு மையம், 1985-ல் இந்திரா காந்தியின் பெயரைப் பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 18-ல் அங்குள்ள சோதனை ஈனுலை இயங்கத் தொடங்கியது. இத்தகைய உலைகளில் நடப்பதை நியூட்ரான் உணர்கருவிகள் தெரிவிக்கின்றன. அவை தரும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பதுண்டு. கல்பாக்கமும் கடற்கரை ஊர்தான். உப்புக் காற்று என்ன செய்யும் என்பது தீவுவாசிகளான நமக்குத் தெரியும். கம்பி இணைப்பில் ஈரம் படிந்தால், அந்தச் சிறு மின்னோட்டம் கசிந்து அளவு பொய்யாகிவிடும். ஆகவே துடைப்பதும் உலர்த்துவதும்கூட இங்கே விஞ்ஞானம்தான்.

முள் பூஜ்யத்தில் நின்றால் ஆபத்து இல்லை என்று நாம் நிம்மதி அடைவோம். நிபுணர் சந்தேகப்படுவார். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் சிறிது கதிர்வீச்சு எப்போதும் வருவதால், வெறும் அறையிலும் கெய்கர் கருவி அவ்வப்போது 'டிக்' என்னும். முழு மௌனம் என்றால் கருவி செத்திருக்கலாம். அளவு தெரிந்த சிறு கதிரியக்கப் பொருளை அருகில் வைத்துச் சோதிப்பார். அணு உலைகளில் பொதுவாக ஒரே அளவைக் காண மூன்று கருவிகள் இருக்கும். இரண்டு அபாயம் காட்டினால் உலை தானே நின்றுவிடும்.

இதற்கு டாக்டர் பட்டம் கட்டாயமில்லை. டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களையும் அணுசக்தித் துறை பயிற்சி தந்து சேர்த்துக்கொள்கிறது.