கோழிக்குத் தீனி போடுறோம், முட்டைக்குப் போடுறோமா?



சென்ற ஆண்டு நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் எட்டுப் பேர் கடன் எடுத்து, ஆளுக்குப் பத்து நாட்டுக்கோழி வாங்கினார்கள். எல்லாம் முட்டைக்கு வந்த கோழிகள். வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசியும் போட்டாச்சு. முதல் இரண்டு மாதம் தவணை ஒழுங்காக வந்தது. மூன்றாவது மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா மட்டும் பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டதும் அழுதுவிட்டார். "பத்துக் கோழியில நாளைக்கு ஒரு முட்டை கிடைச்சா பெருசு. அதுவும் தோல்முட்டை. எவ கண்ணு பட்டுச்சோ தெரியல. போன தவணைய ரெண்டு கோழிய வித்துத்தான் கட்டினேன்" என்றார்.

"நீ கோழிய ஒழுங்கா பாக்கல, அதான்" என்று பக்கத்தில் இருந்தவர் சொல்ல, கூட்டத்தில் சண்டையே வந்துவிட்டது. ஆனால் உண்மை என்ன தெரியுமா? அந்த எட்டுப் பேரில் கோழிக்கு அதிகமாகத் தீனி போட்டதே இந்த அக்காதான். காலையில் இரண்டு கை அரிசி, மத்தியானம் மீந்த சோறு, சாயங்காலம் மறுபடியும் அரிசி. அந்த வாரமே ஒரு கோழி திடீரென்று செத்தது. கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போனோம். டாக்டர் அறுத்துக் காட்டினார். வயிறு முழுக்க மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்பு. பட்டினியால் வந்த கேடு இல்லை, சோற்றால் வந்தது என்றார்.

இதில் என் தப்பும் உண்டு. நான் சமூகப்பணி படித்தவள், வீட்டில் கோழி வளர்த்தது கிடையாது. பயிற்சியில் "நல்லா தீனி போடுங்க" என்று சொன்னேனே தவிர, என்ன தீனி என்று சொல்லவில்லை. அதனால்தான் இந்த இதழில் இதை விவரமாக எழுதுகிறேன்.

முழுகாமல் இருக்கும் பெண்ணுக்கு வெறும் சோறு மட்டும் போடுவோமா? பருப்பு, கீரை, முட்டை, பால் என்று தேடித் தேடிக் கொடுப்போம். முட்டையிடும் கோழியும் அப்படித்தான். ஒரு முட்டை உருவாக ஒரு நாளும் அதற்குக் கொஞ்சம் மேலும் ஆகிறது. அந்த முட்டைக்குள் 5 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. இதெல்லாம் கோழி தின்பதில் இருந்துதான் வரவேண்டும். அரிசி, சோளம், கம்பு எல்லாம் தெம்பு தரும், ஆனால் அவற்றில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. சுண்ணாம்புச்சத்து அதிகம் என்று நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கேழ்வரகை 50 கிராம் போட்டால்கூட, ஒரு முட்டை ஓட்டுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு தேறாது.

பற்றாக்குறையை கோழி எப்படிச் சமாளிக்கும்? தன் எலும்பில் இருந்தே சுண்ணாம்பை எடுத்து ஓடு கட்டும். கொஞ்ச நாளைக்கு நமக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஓடு மெலிசாகும், தோல்முட்டை வரும், கடைசியில் முட்டையே நின்றுபோகும். அந்த அக்கா வீட்டில் இரண்டு மாதம் கழித்து முட்டை நின்றதற்குக் காரணம் இதுதான், கண்ணேறு இல்லை.

மேயும் கோழிக்குப் புழு, பூச்சி, புல், விதை கிடைக்குமே என்று கேட்பீர்கள். கிடைக்கும்தான். மழை பெய்த மாதங்களில் நன்றாகவே கிடைக்கும். ஆனால் பங்குனி, சித்திரையில் தரை காய்ந்து கிடக்கும்போது என்ன கிடைக்கும்? தெருவில் பத்து வீட்டுக் கோழி சேர்ந்து மேய்ந்தால் ஆளுக்கு எவ்வளவு மிஞ்சும்? அந்தக் குறையைத்தான் நாம் தீனியாகப் போட வேண்டும்.

கடையில் முட்டைக்கோழித் தீவனம் மூட்டையாகக் கிடைக்கிறது. பத்துக் கோழிக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. வீட்டிலேயே 10 கிலோ கலக்கலாம். உடைத்த மக்காச்சோளம், கம்பு, சோளம், குருணை இவற்றில் எது மலிவோ அது ஐந்தரை கிலோ. தவிடு 2 கிலோ. கடலைப் புண்ணாக்கு ஒன்றரை கிலோ. உப்புப் போடாத கருவாட்டுத் தூள் அரை கிலோ. கிளிஞ்சல் தூள் 300 கிராம். கால்நடை மருந்துக் கடையில் விற்கும் தாது உப்புக் கலவை 200 கிராம். அவ்வளவுதான். மேய்ச்சலுக்குப் போகும் கோழிக்கு நாளைக்கு 50 கிராம் போதும். பத்துக் கோழிக்கு இது 20 நாள் வரும். பாதியைக் காலையில் திறந்துவிடும்போதும், மீதியைச் சாயங்காலம் அடையும்போதும் போடுங்கள். கொட்டாங்குச்சி நிறைய கிளிஞ்சலைத் தனியாகக் கூண்டுப் பக்கம் வைத்துவிட்டால், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் ராத்திரியில்தான் நடக்கிறது, அதனால் சாயங்காலம் கிளிஞ்சல் கட்டாயம் இருக்க வேண்டும்.

கருவாடு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நாம் குழம்பு வைக்கிற உப்புக் கருவாட்டை அரைத்துப் போடாதீர்கள். உப்பு கூடினால் கோழிக்கு விஷம்.

கிளிஞ்சல் கிடைக்காத ஊரில் முட்டை ஓட்டைப் பயன்படுத்தலாம். ஆனால் வறுத்து, நன்றாகத் தூளாக்கித்தான் போட வேண்டும். ஓட்டை அப்படியே வீசினால் முட்டையின் ருசி தெரிந்து, கோழி தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை நிறுத்துவது ரொம்பக் கஷ்டம்.

பச்சைக்கு முருங்கை, அகத்தி, அறுகு எது இருந்தாலும் கட்டித் தொங்கவிடுங்கள். மஞ்சள் கரு நல்ல நிறமாக இருக்கும், வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் "நாட்டுக்கோழி முட்டை" என்று நம்புகிறார்கள். தண்ணீரை மறக்கவே கூடாது. கோழி தின்பதைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். நிழலில் மண்சட்டியில் வைத்துக் காலையும் மாலையும் மாற்றுங்கள். ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் தவித்த கோழி பல நாள் முட்டையைக் குறைத்துவிடும்.

குஞ்சுகளுக்கு வேற தீனி. முட்டைக்கோழிக்குப் போடும் கிளிஞ்சல் கலவையைக் குஞ்சுக்குப் போட்டால் சிறுநீரகம் கெடும். எட்டு வாரம் வரை குஞ்சுத் தீவனம் வாங்கிப் போட்டால் நல்லது. தாய்க்கோழி அதையும் தின்றுவிடும் என்பீர்கள். பஞ்சாரத்தை நாலு செங்கல் மேல் கவிழ்த்து, உள்ளே தீனி வையுங்கள். குஞ்சு நுழையும், தாய் நுழையாது. கரையானும் குஞ்சுக்கு நல்ல புரதம், செலவும் இல்லை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, வைக்கோல் போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் உள்ளே கரையான் ஏறியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். "மாட்டுக்கு ஆகாததைக் கோழிக்குப் போடு" என்ற பேச்சு நம் ஊர்களில் உண்டு. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளமும் புண்ணாக்கும் இப்படித்தான் கோழிக்கு வருகிறது. அந்தப் பூஞ்சண நச்சு ஈரலைக் கெடுக்கும், முட்டையைக் குறைக்கும், போட்ட தடுப்பூசியும் சரியாக வேலை செய்யாமல் போகும். காய வைத்தாலும் வறுத்தாலும் நச்சு போகாது. கட்டி கட்டியாக இருந்தால், பச்சையாகவோ கறுப்பாகவோ படர்ந்திருந்தால், மக்கல் வாடை வந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும். ஆமணக்கு, வேப்பம் புண்ணாக்குகள் உரத்துக்கு ஆனவை, தீனிக்கு அல்ல.

எவ்வளவு நல்ல தீனி போட்டாலும் நாட்டுக்கோழி நாமக்கல் பண்ணைக் கோழி மாதிரி வருஷத்துக்கு 300 முட்டை போடாது. 60, 80 முட்டைதான் அதன் இயல்பு. ஒரு ஈத்துக்குப் பதினைந்து முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்காரும். இறகு உதிரும் காலத்திலும் முட்டை நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து கோழியை விற்றுவிடாதீர்கள்.

அந்த அக்கா அரிசியை நிறுத்தி, இந்தக் கலவைக்கு மாறினார். மூன்று வாரத்தில் ஐந்து கோழி மறுபடியும் முட்டைக்கு வந்தது. ஓடும் கெட்டியானது. மீதி இரண்டில் ஒன்று ஏற்கெனவே கிழடு, கறிக்குப் போனது. இன்னொன்று இன்னும் பிடி கொடுக்கவில்லை. நின்ற தவணையை இரண்டாகப் பிரித்துக் கட்ட குழு தீர்மானம் போட்டுக் கொடுத்தது. இப்போது அவர் வீட்டுக் காலண்டரில் தினமும் எத்தனை முட்டை என்று குறிக்கிறார். விற்றது எத்தனை, பிள்ளைகள் சாப்பிட்டது எத்தனை என்று தனித்தனியாக. முதல் மாதம் பிள்ளைகள் கணக்கில் பூஜ்யம் இருந்ததைப் பார்த்து நானே கேட்டேன். இப்போது வாரத்துக்கு நாலு வீட்டில் நிற்கிறது.

புண்ணாக்கும் கிளிஞ்சலும் தனித்தனியாக வாங்கினால் விலை அதிகம். அந்த எட்டுப் பேரும் சேர்ந்து மாதம் ஒரு முறை மொத்தமாக வாங்கி, குழுக் கூட்டத்தன்று எடை போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். கருவாட்டுத் தூளுக்கு மட்டும் இறுக்கமான மூடி போட்ட டப்பா வேண்டும். முதல் மாதத் தூளைப் பூனைதான் தின்றது.