வெல்லம் ஏன் கடைசியில்?

ஆடி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையத்தில் கால் வைக்க இடமிருக்காது. வேன் பிடித்து வரும் குடும்பங்கள் பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை நேர்த்திக்கடனை முடித்த கையோடு, கிடைத்த இடத்தில் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்பார்கள். அத்தனை அடுப்புக்கும் சட்டம் ஒன்றுதான்: அரிசி குழைந்த பிறகே வெல்லம். அவசரப்பட்டு முதலிலேயே போட்டால், “அரிசி விறைச்சுக்கும்” என்று அதட்ட ஒரு பாட்டி பக்கத்திலேயே இருப்பார். பாட்டி சொல்வது சரி. காரணம் தண்ணீருக்குள் இருக்கிறது.

நீர் மூலக்கூறு ஒன்றின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை ஈர்க்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. மூலக்கூறுக்குள் அணுக்களைக் கட்டியிருக்கும் பிணைப்பின் பலத்தில் இருபதில் ஒரு பங்கு அளவுதான் இதற்கு. ஆனால் ஒரு மூலக்கூறு தன்னைச் சுற்றி நான்கு பேரைப் பிடிக்கலாம். பனிக்கட்டியில் அந்தப் பிடி நிலையானது. திரவத்திலோ, ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான். அதற்குள் ஒன்றை விட்டு வேறொன்றைப் பிடித்துவிடும். இந்த நான்முகப் பின்னலை பெர்னால், ஃபௌலர் என்ற அறிவியலாளர்கள் 1933-ல் விவரித்தார்கள். பிடியின் பலத்தை உளவு பார்க்க உதவும் கருவிகளில் முக்கியமானது, நம் சி.வி. ராமன் 1928-ல் கண்ட ஒளிச்சிதறல்.

இந்தப் பின்னலுக்குள் வெல்லத்தின் பெரும்பகுதியான சுக்ரோஸ் வந்து விழுகிறது. அதன் உடம்பில் எட்டு ஹைட்ராக்சில் குழுக்கள். எட்டும் நீரோடு கைகோக்கத் தயார். சர்க்கரை, நீர்த் துகள்களின் இடைவெளியில் போய் ஒளிந்துகொள்கிறது, அதனால் நீர்மட்டம் உயர்வதில்லை என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மையில் உயரும். 100 மில்லி தண்ணீரில் 200 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் கிடைப்பது சுமார் 226 மில்லி. சர்க்கரைப் படிகத்தின் கனஅளவு அநேகமாக அப்படியே கூடிவிடுகிறது. பாடப்புத்தகச் சோதனையில் ஒரு கரண்டியோடு நிறுத்திவிடுவதால் அது கண்ணுக்குப் படுவதில்லை.

சர்க்கரை நீரின் அமைப்பைக் கட்டுகிறதா, குலைக்கிறதா என்று அறிவியலாளர்கள் நெடுங்காலம் சண்டையிட்டார்கள். கேள்வியே கொஞ்சம் கோணல் என்பது என் எண்ணம். நீர்த்த கரைசலில் நீரின் அண்டை அமைப்பு பெரிதாகக் கலைவதில்லை. மாறுவது வேகம். சர்க்கரையை ஒட்டியுள்ள நீர் பிடியை மாற்றிக்கொள்ளத் தாமதிக்கிறது. ஜெர்மனியின் போஹும் நகரப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டினா ஹாவெனித் குழு 2006-ல் டெராஹெர்ட்ஸ் கதிர்களை வைத்துப் பால் சர்க்கரையான லாக்டோஸை ஆராய்ந்தது. ஒரு லாக்டோஸ் மூலக்கூறு, தன்னைத் தொட்டுக்கொண்டிராத நீரையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகளின் அசைவை மந்தப்படுத்துவதாக அவர்கள் கண்டார்கள்.

இனிப்பு ஏற ஏற என்னவாகும்? எடையில் 20 சதவீதம் சர்க்கரை என்றால் ஒரு சுக்ரோஸ் மூலக்கூறுக்கு 76 நீர் மூலக்கூறுகள் கிடைக்கும். 60 சதவீதத்தில் வெறும் 13. சும்மா திரியும் நீர் என்று அங்கே எதுவும் மிச்சமில்லை. 20 டிகிரி செல்சியஸில் தண்ணீரைவிட 20 சதவீதக் கரைசல் இரண்டு மடங்கு பிசுபிசுப்பு. 40 சதவீதத்தில் ஆறு மடங்கு. 60-ல் கிட்டத்தட்ட அறுபது மடங்கு! அதிரசப் பாகு, கண் அசந்த நேரத்தில் பதம் தப்பிவிடுவது இதனால்தான்.

இனி அரிசி. மாவுச்சத்தின் சங்கிலிகளும் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால்தான் இறுகப் பிடித்திருக்கின்றன. சூட்டில் அந்தப் பிடி தளரும்போது நீர் உள்ளே புகுந்து, மணி உப்பிக் குழைகிறது. வெறும் நீரில் பல அரிசி வகைகளுக்கு இது 60 முதல் 80 டிகிரிக்குள் நடந்துவிடும். வெல்லம் முந்திக்கொண்டால் நீரை அதுவும் பங்குபோட்டுக்கொள்கிறது. மாவுச்சத்து குழையும் வெப்பநிலை மேலேறுகிறது. கெட்டியான கரைசல் மணிக்குள் ஊறவும் நேரம் பிடிக்கும். பொங்கலில் அரிசிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ வெல்லம் சேர்ப்பதால், தண்ணீர் வற்ற வற்ற நிலைமை மோசமாகும்.

பாசிப்பருப்பு வேகாமல் நிற்பதற்கு மட்டும் இன்னொரு காரணமும் உண்டு. கரும்புச்சாற்றைத் தெளியவைக்கச் சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம். வெல்லத்தில் மிஞ்சும் அதன் கால்சியம், பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இன்னும் இறுக்கிவிடும். அதற்கு நீரின் பின்னலைக் குறை சொல்ல முடியாது.