மெட்ரோலாக் மூழ்கினால் நமக்கு லாபம்!

“ஏன் ஐயா, நேத்து மாதிரிதானே பாலு? வாளிகூட கொறையல. கணக்கு மட்டும் எப்படி கொறஞ்சிச்சு?”

“நான் என்னம்மா செய்வேன்? மெட்ரோலாக் அப்படிக் காட்டுது.”

பால் மரம் வெட்டிய எந்தத் தோட்டத்து ஸ்டோரிலும் கேட்டிருக்கக்கூடிய பேச்சு இது. ஜொகூரில் குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கமெல்லாம் ரப்பர் காடு அழிந்து செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் ரப்பர் அடியோடு போய்விடவில்லை. பால் நிறுக்கும் இடத்தில் கிராணி சொல்லும் அந்த எண்தான் நம் கூலியைத் தீர்மானிக்கிறது. அது எப்படி வருகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதில் கஷ்டமும் கிடையாது.

மரத்துப் பால் முழுவதும் ரப்பர் அல்ல. நல்ல பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். முதலாளி விலை கொடுப்பது காய்ந்த ரப்பருக்கு. ஆகவே வாளி எவ்வளவு கனக்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது, அதற்குள் ரப்பர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கு வந்த கருவிதான் மெட்ரோலாக். அடியில் குமிழ், மேலே கோடு போட்ட தண்டு. லாரி டிரைவர் பேட்டரித் தண்ணியைச் சோதிக்க வைத்திருக்கிறாரே, அதே ஜாதி.

ஒரு லிட்டர் தண்ணீர் 1000 கிராம். ஒரு லிட்டர் அளவு ரப்பரோ 920 கிராமுக்குக் கிட்ட. தண்ணீரைவிட ரப்பர் லேசு. அதனால் ரப்பர் அதிகமுள்ள பாலும் லேசாக இருக்கும், மெட்ரோலாக் அதில் ஆழமாக மூழ்கும். ரப்பர் குறைந்தால் மேலே எழும்பி நிற்கும். மூழ்கினால் நமக்கு லாபம், எழும்பினால் நஷ்டம்!

மாட்டுப் பாலில் கதை தலைகீழ். மாட்டுப் பால் தண்ணீரைவிடக் கனம், ஒரு லிட்டர் 1030 கிராம் வரும். பால்காரர் தண்ணீர் கலந்தால் பால் லேசாகி, லாக்டோமீட்டர் மூழ்கும். மரத்துப் பாலில் தண்ணீர் கலந்தால் மெட்ரோலாக் எழும்பும். மழைத் தண்ணி மங்கில் விழுந்த அன்று கணக்கு குறைவது இதனால்தான். வாளியில் தண்ணி ஊற்றினால் நிறை கூடும், கூலி கூடாது என்பதும் இதனால்தான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். வெட்டிய பால் கெட்டியாக இருப்பதால் மெட்ரோலாக் அதில் சரியாக மிதக்காது. ஆகவே ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அளந்து, வந்த எண்ணை மூன்றால் பெருக்குவார்கள். பழைய கருவியில் கேலனுக்கு இத்தனை பவுண்டு என்றிருக்கும். பின்னால் லிட்டருக்கு இத்தனை கிராம் என்று வந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பால் 30 லிட்டர். மெட்ரோலாக் 100 காட்டுகிறது. மூன்றால் பெருக்கினால் லிட்டருக்கு 300 கிராம். மொத்தம் 9 கிலோ ரப்பர். அதே பாலை அவசரத்தில் 90 என்று படித்துவிட்டால்? லிட்டருக்கு 270 கிராம். மொத்தம் 8 கிலோ 100 கிராம். ஒரே நாளில் 900 கிராம் போயிற்று! மாதம் 24 நாள் வேலை என்றால் 21 கிலோவுக்கு மேல். சின்னத் தப்பும் மூன்று மடங்காகிறது.

தப்பு கண்ணால் மட்டும் வருவதில்லை. இரண்டு பங்கு தண்ணீரைக் குத்துமதிப்பாக ஊற்றி, கொஞ்சம் கூடிவிட்டாலும் எண் இறங்கும். நுரையை வழிக்காமல் அளந்தால் கோடே சரியாகத் தெரியாது. குமிழில் காய்ந்த பால் ஒட்டியிருந்தாலும் எண்ணை நம்ப முடியாது. பாலைக் கலக்காமல் ஓர் ஓரத்தில் மொண்டு எடுத்தாலும் அப்படித்தான். சூட்டுக்கும் எண் மாறும். மரத்தின் ஜாதியும் கொஞ்சம் வித்தியாசம் காட்டும், ஏனென்றால் இந்தக் கருவிக்குத் தெரிந்தது கனம் ஒன்றுதான். ரப்பரை அது நேராகப் பார்ப்பதில்லை.

சரியான சோதனை வேறு. கொஞ்சம் பாலை நிறுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, மெல்லிசாக நசுக்கிக் கழுவி, 70 டிகிரி சூட்டில் வெள்ளை மறையும்வரை காயவைத்து மறுபடி நிறுப்பார்கள். மணிக்கணக்காகும், அதனால் தினமும் ஒவ்வொருவர் வாளிக்கும் நடக்கிற காரியமல்ல. சந்தேகம் தொடர்ந்து வந்தால் இந்தச் சோதனையைக் கேட்பதில் தப்பே இல்லை. மெட்ரோலாக் வைக்கும்போது பக்கத்தில் நின்று, “ஐயா, எண் எவ்வளவுங்க?” என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வதும் சண்டைக்குப் போவது ஆகாது.

ஸ்டோருக்கும் இந்த எண் வேண்டும். ஷீட் போட, பாலை லிட்டருக்கு 150 கிராம் அளவுக்குத் தண்ணீர் விட்டு இறக்கி, அதற்கேற்ப ஆசிட் ஊற்றுவார்கள். எண் தப்பானால் ஆசிட்டும் தப்பாகும், ஷீட்டும் கெடும்.

சொந்தத்தில் நாலு ஏக்கர் வைத்திருப்பவர்கள் இப்போது பெரும்பாலும் கட்டிப்பாலாகவே விற்கிறார்கள். அங்கே மெட்ரோலாக் இல்லை. பாதி ரப்பர், பாதி தண்ணீர் என்று பொதுவாக ஒரு கணக்கு. நேற்று உறைந்த கட்டி என்றால் வாங்குபவர் ஈரம் என்று சொல்லி 50-ஐ 45 ஆக்குவார். 100 கிலோவில் 5 கிலோ ரப்பர் அங்கேயே போய்விடும். மழைபடாத இடத்தில் தட்டி மேல் நாலைந்து நாள் அடுக்கி வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும். நிறை குறையும்தான், ஆனால் அப்போது விகிதத்தைப் பேசி வாங்க உங்கள் கையில் ஒரு காரணம் இருக்கும்.