பற்றைக்கு நெருப்பு வைக்குமுன்

பல்லாண்டு ஆளில்லாமற் கிடந்த காணிக்குத் திரும்பும் குடும்பத்தின் கண்ணில் முதலிற் படுவது பற்றைக்காடுதான். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறி, வடமராட்சியிலும் பிற இடங்களிலும் வாழ்ந்துவந்த எம்மக்களுக்கு, 2015 இலிருந்து காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது கிடைத்ததும் இத்தகைய காணிகளே. நாயுண்ணியும் ஈச்சையும் மூடிய நிலத்தைத் துப்புரவாக்கக் கூலி கொடுக்க எல்லோராலும் முடியாது. ஒரு தீப்பெட்டி போதும் என்று எண்ணுவது இயல்பே. உடுப்பிட்டியில் எம்முடன் பேசிய குடும்பங்களும் இதையே கேட்டன: "எரித்தால் என்ன? சாம்பலும் பசளைதானே?"

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைச் சொல்லவேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத காணியில் நெருப்பு வைக்கவே கூடாது. புதைந்தோ பற்றைக்குள் மறைந்தோ கிடக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். ஐயமிருந்தால் கிராம அலுவலரிடம் அறிவித்துவிட்டுக் காத்திருங்கள்.

சாம்பல் பசளை என்ற எண்ணம் வீணாகப் பிறந்ததல்ல. வன்னியிற் சேனை செய்தவர்கள் கோடையிற் காட்டை வெட்டிக் காயவிட்டு, மாரி மழைக்கு முன் எரித்து, முதல் மழையோடு குரக்கன், சாமை, எள்ளு, சோளம் விதைத்தார்கள். இரண்டு மூன்று போகத்தின் பின் அந்த இடத்தை விட்டு விலகினார்கள். அடிக்கட்டைகளைக் கிளப்பாமல் விட்டதால் அவை மீண்டும் தளிர்த்தன. பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ நிலம் ஓய்ந்தது. சேனையின் வெற்றி நெருப்பில் மட்டும் இருக்கவில்லை, அந்த ஓய்விலேயே பெரிதும் இருந்தது.

மழைக்காடுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1988 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராசக் காட்டைப் போன்ற இடங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மழை மண்ணின் சத்தைக் கழுவிச் செல்வதால் மண் புளிப்புத் தன்மையடைகிறது. சத்தின் பெரும்பகுதி மரங்களிலேயே தங்கியிருக்கிறது. காட்டை எரித்தால் சாம்பலிலுள்ள சுண்ணாம்பும் பொட்டாசியமும் அந்தப் புளிப்பைத் தணிக்கின்றன. ஓரிரு போகம் பயிர் நன்றாக வரும். ஆனால் ஓய்வு கொடாது திரும்பத் திரும்ப எரித்த இடங்களில் மரம் முளைக்கவில்லை. சிங்கராசவின் ஓரங்களிற் கெக்கில்ல என்னும் பன்னம் அடர்ந்து படர்ந்திருப்பதை இன்றும் காணலாம்.

நெருப்பை எப்போதும் பகையென்று சொல்லிவிடவும் முடியாது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிற் சோலிகர் என்னும் பழங்குடியினர், கோடையின் தொடக்கத்திற் சருகை மட்டும் மெல்ல எரித்துவந்தனர். 1974 இல் அம்மலை சரணாலயமானபின் அது தடைசெய்யப்பட்டது. அதன் பின்னரே நாயுண்ணி காட்டை மூடியதென அம்மக்கள் கூறுகின்றனர். காலமும் அளவும் அறிந்து வைத்த சிறு நெருப்பு அது. நாயுண்ணி முற்றியபின் வைக்கும் பெருநெருப்பின் கதை வேறு. மேலே கருகினாலும் அது அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும்.

இனி எமது மண்ணுக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டு மண் சுண்ணக்கல்லின் மேற் கிடப்பது. அதிற் பெரும்பாலும் புளிப்பு இல்லை. சுண்ணாம்பு போதியளவு உண்டு. சாம்பலை மிகுதியாகப் போட்டால் இரும்பு, நாகம் ஆகிய சத்துக்களைப் பயிர் எடுப்பது குறைந்து, இளம் இலைகள் மஞ்சளாகும். எமது மண்ணிற் குறைவாக இருப்பது மக்கும் தழையும் தழைச்சத்தும். நெருப்பு புகையாக்கி அனுப்புவது அவற்றைத்தான்! மிஞ்சும் சாம்பலையும் சோளகக் காற்று அள்ளிச்செல்லும். பெரிய கட்டைகளைக் குவித்து எரித்த இடமோ செங்கல் போற் சிவந்து, சில காலம் புல்லும் முளைக்காமற் கிடக்கும்.

எங்கள் பாட்டன்மார் பூவரசங்குழையையும் பனையோலையையும் தோட்டத்திற் தாழ்த்தியது இதனாலேயே. பற்றையையும் அவ்வாறே பயன்படுத்தலாம். தடித்த கட்டைகள் விறகுக்கும் வேலிக்கும் உதவும். இலையையும் இளங்கொப்பையும் கொத்தி, விதை முற்றியவற்றை மட்டும் ஒதுக்கிவிட்டு, கிடங்கிலே சாணத்தோடு அடுக்கி மக்கவிடுங்கள். நாயுண்ணியை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு கிளப்புவதே இலகு. அதன் இலை ஆடுமாடுகளுக்கு நஞ்சு என்பதையும் மறக்கவேண்டாம்.

முள்ளும் விதை முற்றியவையும் எரித்தேயாகவேண்டுமானால், காற்று ஓய்ந்த காலைவேளையிற் சிறு குவியலாக, காணியின் ஒரே மூலையில் எரியுங்கள். சுற்றிலும் சருகு கூட்டி, தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பனையடியும் ஓலைவேலியும் அருகில் இருக்கக்கூடாது. காய்ந்த காவோலை ஒன்றிற் பற்றினால் அயற்காணிக்கும் போய்விடும். குவியல் முற்றாக ஆறும்வரை ஒருவர் அங்கேயே நிற்கவேண்டும்.

துப்புரவாக்கிய நிலத்தை வெறுமனே விட்டால் பற்றை மீண்டும் ஏறும். முதல் மழையோடு சணல் விதைத்து, பூக்கத் தொடங்கும்போது உழுது மண்ணுட் புரட்டுங்கள். விதை வாங்க வசதியில்லாதவர்கள் வேலியோரத்திற் கிளிசரியாத் தடிகளை நட்டால், அடுத்த ஆண்டுக்குக் குழை கிடைக்கும்.