கன்னத்தில் கைவைத்த பாப்பா

இந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிறந்து பத்து நாள் ஆன பாப்பா. குப்புறப் படுத்து, இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, உள்ளங்கைகளில் மோவாயைத் தாங்கியபடி கண்மூடித் தூங்குகிறது. தவளை உட்கார்ந்திருப்பதுபோல் தெரிவதால் படம்பிடிப்பவர்கள் இதைத் 'தவளை நிலை' என்கிறார்கள்.

கொஞ்சம் யோசியுங்கள். பிறந்த குழந்தையின் தலை, அதன் உடல் நீளத்தில் கால் பங்கு. பெரியவர்களுக்கோ ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். அந்தக் கனத்த தலையைத் தூக்கி நிறுத்தும் வலு பாப்பாவின் கழுத்துக்கு இன்னும் வரவில்லை. அப்படியிருக்க, பச்சைக் குழந்தையின் மணிக்கட்டு எப்படி அதைத் தாங்கும்?

தாங்கவில்லை. நீங்கள் பார்த்தது ஒரு படமல்ல, இரண்டு. முதல் படத்தில் அம்மாவின் விரல்கள் தலையைப் பிடித்திருக்கும். இரண்டாவதில் மணிக்கட்டுகளைப் பிடித்திருக்கும். பிறகு கணினியில் இரண்டையும் ஒட்டி, விரல்களை அழித்துவிடுவார்கள். துணியில் முடிந்து மரக்கிளையில் தொங்கவிட்ட பாப்பாவின் படமும் பெரும்பாலும் இப்படித்தான். உண்மையில் பாப்பா மெத்தையில்தான் கிடந்திருக்கும்.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. அக்காவுக்குக் குழந்தை பிறந்தால் பதினைந்து வயதிலேயே நீங்கள் தாய்மாமன். தங்கையாக இருந்தால் சித்தி. வீட்டில் நல்ல கேமரா உள்ள கைப்பேசி உங்களுடையதாகவே இருக்கும். சிரம்பான் பக்கம் ஸ்டூடியோவுக்குப் போக எல்லாராலும் முடியாது. பகாவ், லாபு, லிங்கி பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் கூடத்து ஜன்னல்தான் ஸ்டூடியோ, நீங்கள்தான் படப்பிடிப்பாளர். இணையத்தில் பார்த்த படத்தை அப்படியே செய்து பார்க்க ஆசை வரும்.

அதற்குமுன் ஒரு சோதனை. ஐஸ் மைலோ குடிக்கும்போது உறிஞ்சு குழாயை நடுவில் லேசாக மடக்கி உறிஞ்சிப் பாருங்கள். பாப்பாவின் மூச்சுக்குழாய் அந்த உறிஞ்சு குழாயைவிட ஒடுக்கம். உள்விட்டம் 4 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். குழாயில் சீராக ஓடும் காற்றுக்கு எவ்வளவு தடை என்பது ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்காகும். பாப்பாவின் தலை முன்னால் சரிந்து மோவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை மடங்கிவிடும். தலையைத் தானே நிமிர்த்த அதற்குத் தெரியாது. அழுது கூப்பிடவும் காற்று வேண்டுமே! சத்தமில்லாமல் நடந்துவிடும் ஆபத்து இது.

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் விடுத்த எச்சரிக்கையும் இதைப் பற்றியதுதான். தோளில் மாட்டிக் குழந்தையைச் சுமக்கும் துணித் தூளிகளோடு தொடர்புடைய குறைந்தது 14 மரணங்கள் 20 ஆண்டுகளில் பதிவானதாக அது சொன்னது. துணிக்குள் முதுகு வில்லாக வளைந்து மோவாய் நெஞ்சில் பதிவது முக்கியக் காரணங்களில் ஒன்று.

நம் தோட்டப்புறங்களில் ஏணைக்குப் பெரிய வரலாறு உண்டு. விடியுமுன் அம்மாக்கள் பால்மரம் வெட்டக் கிளம்பிவிட, ஆயாக் கொட்டகையில் வரிசையாகச் சேலை ஏணைகள் ஆடிய காலம் அது. உங்கள் பாட்டியே அதில் தூங்கி வளர்ந்தவராக இருக்கலாம். ஆனாலும் ஏணைத் துணியும் முதுகை வில்லாக்குகிறது என்பதை மறக்கக்கூடாது. அங்கே ஆயா ஒருவர் கூடவே இருந்தார். இன்று மருத்துவர்கள் சொல்வது, பச்சைக் குழந்தையைச் சமமான, உறுதியான மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைத்துத் தூங்கவிட வேண்டும் என்பதே. படத்துக்கும் அந்த நிலை அழகுதான். கூடையும் வாளியும் வேண்டாம்.

சுருண்டு கிடக்கும் அழகு எங்கிருந்து வருகிறது? கருப்பையில் கடைசி மாதங்களில் இடநெருக்கடி. முட்டி வயிற்றோடு, கை மார்போடு ஒட்டிக் கிடந்த பழக்கம் பிறந்த பிறகும் சில வாரங்கள் தசைகளில் தங்கியிருக்கும். ஸ்டூடியோக்காரர்கள் முதல் இரண்டு வாரத்துக்குள் வரச் சொல்வது அதனால்தான். அப்போது தூக்கமும் அதிகம், நாளுக்குச் சுமார் 16 மணி நேரம். அதில் ஏறக்குறைய பாதி, கண்மணி இமைக்குள் உருளும் துடிப்பான தூக்கம். உதடு கோணிச் சட்டென்று ஒரு சிரிப்பு வருவது அப்போதுதான். பாட்டி "நரி விரட்டுது" என்பாரே, அந்தச் சிரிப்பு! நம்மைப் பார்த்துச் சிரிக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

திடீர்ச் சத்தம் கேட்டாலோ தலை சற்றுப் பின்னால் சரிந்தாலோ பாப்பா இரு கைகளையும் விரித்து, உடனே அணைப்பதுபோல் மடக்கும். ஜெர்மனியில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ 1918-இல் விளக்கிய அனிச்சைச் செயல் இது. அவர் பெயராலேயே வழங்குகிறது. மேசை ஓரத்தில் வைத்துப் படமெடுக்கும்போது இந்த உதறல் வந்தால் என்ன ஆகும்? ஆகவே ஒரு பெரியவரின் கை எப்போதும் பாப்பாவிடமிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பிளாஷ் பாப்பாவைத் திடுக்கிட வைக்கலாம், முகத்தையும் தட்டையாகக் காட்டும். காலை ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். இன்னொன்று: கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்துத் தெரியும். இரண்டடி பின்னால் வந்து, பெரிதாக்கி எடுங்கள்.

குளிரும் கணக்குத்தான். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தில் பரப்புக்கும் கனஅளவுக்கும் உள்ள விகிதம் 6. பக்கம் இரண்டு சென்டிமீட்டரானால் 3. சிறியது எதுவும் சீக்கிரம் சூடிழக்கும். பாப்பாவுக்கு எடைக்கேற்ற தோல்பரப்பு பெரியவர்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றவும் அதனால் முடியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தே சமாளிக்கிறது. நம் ஊர் மதியத்தில் ஹீட்டர் தேவையில்லை. உடை களைந்த பாப்பாமேல் மின்விசிறிக் காற்று நேராக அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பின்னணிக்கு அம்மாவின் கல்யாணப் பட்டுச்சேலையை அலமாரியிலிருந்து எடுக்கப்போகிறீர்களா? முகர்ந்து பாருங்கள். அந்துருண்டை வாடை வந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். ஜி-6-பி-டி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்கு அதிலுள்ள நாப்தலின் சிவப்பணுக்களை உடைத்து, கடும் மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். மலேசியாவில் பிறந்தவுடனே தொப்புள்கொடி இரத்தத்தில் இந்த நொதியைச் சோதிப்பது அதற்காகத்தான்.

படம் எடுத்தபின் செயலியில் போட்டு மஞ்சளைக் குறைத்து, கன்னத்தில் ரோஜா நிறம் ஏற்றுவது உங்கள் விருப்பம். ஆனால் வீட்டுக்கு வரும் தாதி "குழந்தை மஞ்சளாகத் தெரிகிறதா?" என்று கேட்டால் கைப்பேசியை நீட்டாதீர்கள். பாப்பாவை ஜன்னல் பக்கம் தூக்கிவந்து காட்டச் சொல்லுங்கள்.